ஒரே மொழி, வேறு பிளக்

முதல் பலி பெரும்பாலும் ஹேர் டிரையர்தான்.

ஒஹாயோ மாநிலத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து வரும் மூன்றாம் ஆண்டுக் கல்லூரி மாணவி ஒருத்தியை நினைத்துக்கொள்வோம். வடக்கு இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழக நகரம், செப்டம்பர் மாத இரவு, விடுதி அறை. பெயர் எதற்கு? இவளைப் போல ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானவர்கள் வருகிறார்கள். குளித்து முடித்தவள், ஊரிலிருந்து கொண்டுவந்த டிரையரை விமான நிலையத்தில் வாங்கிய அடாப்டரில் செருகி ஓட்டுகிறாள். கால் நிமிடம் புயல்போல ஊதுகிறது. அப்புறம் பிளாஸ்டிக் கருகும் வாடை. அமெரிக்கச் சுவரில் வருவது 120 வோல்ட். பிரிட்டன் சுவரில் 230. அடாப்டர் பிளக்கின் காலை மாற்றிக் கொடுக்குமே தவிர வோல்டேஜை மாற்றாது என்பது அந்த நாட்டில் அவள் படிக்கும் முதல் பாடம். அதற்குத் தனியாகக் கட்டணம் இல்லை.

இதற்கு நேரெதிரான கதையும் உண்டு. இரவெல்லாம் போனை சார்ஜில் போட்டுவிட்டுக் காலையில் பார்த்தால் பேட்டரி காலி. சாக்கெட் பக்கத்தில் ஒரு ஸ்விட்ச் இருக்கிறது, அதைத் தட்ட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை. அமெரிக்க வீடுகளில் சாக்கெட்டுக்கென்று தனி ஸ்விட்ச் வைக்கும் வழக்கம் கிடையாது. திருநெல்வேலியில் ஐந்து வயதுக் குழந்தைக்குத் தெரிந்த சங்கதி இது. தெரியாமல் எப்படி இருக்கும், நம் வீட்டு மூன்று உருண்டைக்கால் பிளக்கே பழைய பிரிட்டிஷ் அளவுதானே? 1947இல் பிரிட்டன் உள்ளே ஃபியூஸ் வைத்த சதுரக்கால் பிளக்குக்குப் புது அளவு வகுத்துக்கொண்டது. உருண்டைக்கால் நம்மிடமே தங்கிவிட்டது.

பிரிட்டனைப் பற்றி அமெரிக்க மாணவர்கள் சொல்லும் கதைகளைக் கேட்கும் தமிழருக்கு இப்படி ஒரு வேடிக்கை காத்திருக்கிறது. அவர்களைத் திணறடிப்பதில் பாதி, கேட்பவருக்குப் பழகிய விஷயமாகவே இருக்கும். படிக்க வெளிநாடு போகும் அமெரிக்கர்கள் அதிகம் நாடும் இடங்களில் இத்தாலி, ஸ்பெயினோடு பிரிட்டனும் நெடுநாளாக இருக்கிறது. காரணம் கேட்டால் பலரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: மொழிப் பிரச்சினை இல்லை. அந்த நம்பிக்கையில்தான் அடி விழுகிறது. மாட்ரிட்டுக்குப் போகிறவள் எல்லாமே புதிதாக இருக்கும் என்று தயாராகப் போகிறாள். மான்செஸ்டருக்குப் போகிறவள் எதற்கும் தயாராகாமல் போய் இறங்குகிறாள்.

அறை முதல் மாடியில் என்று சாவியோடு ஒரு சீட்டு கொடுக்கிறார்கள். அமெரிக்கக் கணக்கில் தரையோடு இருப்பதே முதல் மாடி. ஆகவே கனத்த பெட்டியோடு தரைத்தளத்து வராந்தா முழுக்க அறை எண்ணைத் தேடுகிறாள். தெருவில் குறுக்கே இறங்கும்போது இடப்பக்கம் பார்க்கிறாள். வண்டி வலப்பக்கத்திலிருந்து வருகிறது. லண்டனில் இவளைப் போன்றவர்களுக்காகவே தார்ச்சாலையில் ‘வலப்பக்கம் பாருங்கள்’ என்று கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். தலைவலிக்கு மருந்துக் கடையில் அசெட்டமினோஃபென் கேட்டால் கடைக்காரர் ஒரு கணம் விழிக்கிறார். பிறகு எடுத்து நீட்டுவது நம் பாரசிட்டமால். அதையும் சூப்பர் மார்க்கெட்டில் ஓர் அட்டைக்கு 16 மாத்திரைக்கு மேல் விற்க மாட்டார்கள்; அளவுக்கு மிஞ்சி விழுங்கி உயிரை விடுவதைத் தடுக்க 1998இல் கொண்டுவந்த விதி. ஐநூறு மாத்திரை டப்பாவை வீட்டில் வைத்திருந்து பழகியவளுக்கு இது ரேஷன் கடையாகத் தெரிகிறது.

தேதி விஷயம் இன்னும் மோசம். முதல் கட்டுரையை 5/11க்குள் கொடுக்க வேண்டும் என்று அறிவிப்பு. அமெரிக்கர்கள் மாதத்தை முதலில் எழுதுகிறவர்கள், ஆகவே அவள் கண்ணுக்கு அது மே 11. அடுத்த கோடைக்குத்தானே என்று நிம்மதியாக இருந்துவிடுகிறாள். நவம்பர் 5 மாலை ஊரெங்கும் வாணவேடிக்கை. 1605இல் நாடாளுமன்றத்தை வெடிவைத்துத் தகர்க்கச் சதி செய்து பிடிபட்ட கை ஃபாக்ஸின் நினைவாக ஆண்டுதோறும் கொளுத்துகிறார்கள். அந்த வெளிச்சத்தில் நின்றுகொண்டுதான் பக்கத்து அறைத் தோழி கேட்கிறாள், கட்டுரை கொடுத்தாச்சா என்று.

இந்தப் பாதை அமெரிக்கா என்ற நாட்டை விடப் பழையது. 1766இல் பிலடெல்பியாவிலிருந்து கப்பலேறிய பெஞ்சமின் ரஷ், எடின்பரோவில் மருத்துவம் படித்து 1768இல் பட்டம் பெற்றார். எட்டு ஆண்டு கழித்து, அவரைப் படிக்க வைத்த நாட்டின் அரசனை உதறித் தள்ளும் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் அவரும் ஒருவர். வைரச் சுரங்க அதிபர் சிசில் ரோட்ஸ் 1902இல் இறந்தபோது உயிலில் விட்டுச்சென்ற பணத்தில் அமெரிக்க மாணவர்கள் 1904 முதல் ஆக்ஸ்போர்டுக்கு வரத் தொடங்கினார்கள். இப்போது ஆண்டுக்கு 32 பேர். அப்படி 1925இல் வந்த ஆர்கன்சா மாநிலத்து இளைஞர் வில்லியம் ஃபுல்பிரைட், பிற்பாடு செனட்டரானதும், போர் முடிந்து வெளிநாடுகளில் தேங்கிக் கிடந்த ராணுவத் தளவாடங்களை விற்ற பணத்தில் மாணவர் பரிமாற்றம் நடத்தலாம் என்று 1946இல் சட்டம் கொண்டுவந்தார். ஜீப்பும் கூடாரமும் கல்விச் செலவாக மாறிய விந்தை அது. போருக்குப் பின் அமெரிக்கா அளித்த மார்ஷல் திட்ட உதவிக்கு நன்றிக்கடனாக 1953இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தன் பங்குக்கு மார்ஷல் உதவித்தொகையை ஏற்படுத்தியது. அதன் முதல் அணி வந்து சேர்ந்தது 1954இல். அந்த ஆண்டு ஜூலை 4ஆம் தேதிதான் பிரிட்டனில் இறைச்சிக்கான ரேஷன் முடிவுக்கு வந்தது. அமெரிக்கச் சுதந்திர தினம் பார்த்து முடித்தார்களோ என்னவோ.

அந்தக் காலத்தில் வருவது என்றால் கப்பலில் பல நாள். 1968 அக்டோபரில் ‘எஸ்.எஸ். யுனைடெட் ஸ்டேட்ஸ்’ கப்பலில் ரோட்ஸ் மாணவர்கள் கூட்டமாக ஆக்ஸ்போர்டுக்குக் கிளம்பினார்கள். ராபர்ட் ரைக் என்ற மாணவர் கடல் ஒத்துக்கொள்ளாமல் அறையில் சுருண்டு கிடந்தார். கதவைத் தட்டி, கையில் சிக்கன் சூப்போடு நின்றவர் பில் கிளிண்டன். பின்னாளில் கிளிண்டன் அமைச்சரவையில் ரைக் தொழிலாளர் நலத்துறைக்குப் பொறுப்பேற்றார். இந்தச் சூப் கதையைச் சொல்லிச் சொல்லி அவருக்கு அலுக்கவில்லை. கிளிண்டன் பட்டம் வாங்காமலே ஊர் திரும்பினார். அவருடைய ஆக்ஸ்போர்டு நாட்களில் உலகம் நினைவில் வைத்திருப்பது வேறொன்றை. இங்கிலாந்தில் இருந்தபோது கஞ்சாவை ஓரிரு முறை முயன்று பார்த்ததாகவும், ஆனால் புகையை உள்ளே இழுக்கவில்லை என்றும் 1992 தேர்தல் பிரச்சாரத்தில் அவர் சொன்னதுதான் அது.

இன்றைக்கு ஒஹாயோப் பெண்ணுக்குக் கடல் இல்லை. விமானத்தில் ஓர் இரவுத் தூக்கம், அதுவும் சரியாக வராத தூக்கம். ஒரு வருஷப் படிப்பென்றால் மாணவர் விசாவும் அதோடு மருத்துவக் கட்டணமாக ஆண்டுக்கு 776 பவுண்டும் முன்கூட்டியே கட்ட வேண்டும். கட்டும்போது வயிறு எரிகிறது. பனிக்காலத்தில் படிக்கட்டில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டு அவசரப் பிரிவில் நாலைந்து மணி நேரம் காத்திருக்க நேர்ந்தால், எரிச்சல் இன்னும் ஏறுகிறது. எக்ஸ்ரே எடுத்து, மாவுக்கட்டுப் போட்டு, போகலாம் என்கிறார்கள். அவள் நகராமல் நிற்கிறாள். பில்லை எங்கே கட்டுவது? நர்ஸுக்குக் கேள்வி புரியவில்லை. அவளுக்கு, நர்ஸுக்கு ஏன் புரியவில்லை என்பது புரியவில்லை. இந்தக் காட்சியை ஏதோ ஒரு வடிவத்தில் சொல்லாத அமெரிக்க மாணவர் குறைவு.

மற்ற பாடங்களெல்லாம் சமையலறையில். ஆறு பேருக்கு ஒரு சமையலறை, இடுப்பளவு ஃபிரிட்ஜில் ஆளுக்கு ஒரு தட்டு, பால் பாட்டில்களில் பேனாவால் பெயர். கடையில் முட்டையைக் குளிர்பெட்டிக்குள் தேடித் தேடி அலுத்தவள், மாவும் சர்க்கரையும் இருக்கும் அலமாரிக்குப் பக்கத்தில், வெளியிலேயே அடுக்கி வைத்திருப்பதைக் கண்டு அதிர்கிறாள். கெட்டுப்போகாதா? அமெரிக்காவில் முட்டையைக் கழுவித்தான் விற்பனைக்கு அனுப்புகிறார்கள். கழுவும்போது ஓட்டின் மேலுள்ள இயற்கைப் பூச்சு போய்விடும், அதனால் குளிரில் வைத்தே தீர வேண்டும். பிரிட்டனில் கழுவுவதில்லை, பூச்சு அப்படியே இருக்கிறது. நம் அண்ணாச்சி கடை வாசலில் அட்டை அட்டையாக அடுக்கியிருக்கும் முட்டைக்கும் அதே நியாயம்தான்.

கெட்டில் மட்டும் அவளை முதல் நாளே கவிழ்த்துவிடும். 230 வோல்ட்டின் தயவில் பிரிட்டிஷ் கெட்டில் 3,000 வாட் வரை இழுக்கும். அவள் ஊர்க் கெட்டில் அதில் பாதி. தண்ணீர் அடுப்பேறிய கையோடு கொதிக்கிறது. எவர் வீட்டில் எது நடந்தாலும், பரீட்சையில் போனாலும் காதலில் போனாலும், முதலில் கெட்டிலைத் தட்டிவிட்டுத்தான் மற்றது பேசுகிறார்கள் என்பதையும் கவனிக்கிறாள். தோழி ஒருத்தி ஆறு மணிக்கு ‘டீ’க்கு வரச் சொல்கிறாள். ஒரு கோப்பை தேநீர்தானே என்று சாப்பிட்டுவிட்டுப் போனால் மேஜையில் இறைச்சி பை, உருளைக்கிழங்கு, பட்டாணி, குழம்பு. வடக்கு இங்கிலாந்தில் டீ என்றால் இராச்சாப்பாடு. மறுக்க முடியாமல் இரண்டாவது முறை சாப்பிடுகிறாள்.

காய்கறிக் கடை மூதாட்டி அவளை ‘லவ்’ என்று கூப்பிடுகிறாள். பஸ் டிரைவரும் அப்படியே. முதல் வாரம் அது கூசுகிறது. நம் ஊர்ச் சந்தையில் முன்பின் தெரியாதவளை ‘கண்ணு’ என்றும் ‘ராசாத்தி’ என்றும் கூப்பிட்டுக் கத்தரிக்காய் நிறுப்பார்களே, அதற்கு மேல் அதில் அர்த்தமில்லை என்று தெளிய இரண்டு மாதம் ஆகிறது. எதிர்ப்படுகிறவர்களெல்லாம் ‘ஆல் ரைட்?’ என்கிறார்கள். என் முகத்தில் அப்படி என்ன கோளாறு தெரிகிறது என்று கண்ணாடியில் பார்த்துக்கொள்கிறாள். அது வணக்கம். பதில் வேண்டாத வணக்கம். புதிதாக வாங்கிய ‘பேன்ட்ஸ்’ நன்றாக இருக்கிறதா என்று வகுப்பில் கேட்டபோது எழுந்த சிரிப்புக்குக் காரணம், அந்தச் சொல்லுக்கு அந்த ஊரில் உள்ளாடை என்று பொருள் இருப்பது.

குளியலறையைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய கட்டடங்களில் கைகழுவும் தொட்டிக்கு இரண்டு குழாய், இரண்டு மூலையில். ஒன்றில் கொப்புளம் வரும் சுடுநீர், மற்றதில் விரல் விறைக்கும் பச்சைத் தண்ணீர். நடுவாந்தரமாக வேண்டுமானால் தொட்டியை அடைத்து நிரப்பிக் கலந்துகொள்ள வேண்டியதுதான். சும்மா பிடிவாதமில்லை. பச்சைத் தண்ணீர் நேரே தெருக்குழாயிலிருந்து வரும் குடிநீர். சுடுநீர், பரணில் வைத்த தொட்டியில் தேங்கியது. அதில் எலி விழுந்திருந்தாலும் தெரியாது, குடிநீரோடு கலக்கக் கூடாது என்று வைத்த ஏற்பாடு. தொட்டிகள் போய்விட்டன. குழாய்கள் பிரிந்தே நிற்கின்றன. விளக்கு ஸ்விட்ச்சும் கூரையிலிருந்து தொங்கும் ஒரு கயிறு. ஈரக்கையால் சுவரைத் தொடக்கூடாது என்பதற்காக.

நவம்பரில் நிலைமை மாறுகிறது. வேடிக்கை குறைந்துபோகிறது.

வரைபடத்தில் பார்த்தால்தான் புரியும், பிரிட்டன் எவ்வளவு வடக்கே இருக்கிறது என்பது. எடின்பரோவும் மாஸ்கோவும் ஏறக்குறைய ஒரே அட்சரேகை. டிசம்பர் கடைசியில் லண்டனுக்கே எட்டு மணி நேரத்துக்கும் குறைவான பகல்தான். நாலு மணிக்கு முன்பே சூரியன் போய்விடும். எடின்பரோவில் ஏழு மணி நேரம். மதிய வகுப்பு முடிந்து வெளியே வந்தால் இருட்டு. மழை கொட்டுவதும் இல்லை, நிற்பதும் இல்லை. ஒஹாயோவில் இதைவிடக் கடுமையான பனி உண்டு. ஆனால் அங்கே வீட்டுக்குள் வந்தால் சட்டையோடு உட்காரலாம். இங்கே குளிர் உள்ளேயும் கூடவே வருகிறது.

இந்தக் குளிரை அமெரிக்கக் கவிஞர் சில்வியா பிளாத் அளவுக்குக் கணக்கெடுத்தவர் யாருமில்லை. 1955 இலையுதிர் காலத்தில், 22 வயதில், ஃபுல்பிரைட் உதவித்தொகையில் கேம்பிரிட்ஜின் நியூனம் கல்லூரிக்கு வந்தார். விட்ஸ்டெட் என்ற கல்லூரி விடுதியில் அறை. கணப்புக்கு எரிவாயு, எரிவாயுவுக்கு மீட்டர், மீட்டருக்கு ஷில்லிங் நாணயம். நாணயம் தீர்ந்தால் சூடும் தீர்ந்தது. ஊருக்கு எழுதிய கடிதங்களில் குளிரும் சளியும் மாறி மாறி வருகின்றன. நெருப்புக்கு எதிரே ஒரு பக்கம் வறுபடும்போது மறுபக்கம் உறையும் அறை அது. சைக்கிளில் எதிர்காற்றில் மிதித்துக்கொண்டு வகுப்புக்குப் போனார். முதல் குளிர்காலம் தீரும் முன்பே, 1956 பிப்ரவரி 25ஆம் தேதி, ஓர் இலக்கியச் சிற்றிதழின் வெளியீட்டு விருந்தில் ஆங்கிலக் கவிஞர் டெட் ஹியூஸைச் சந்தித்தார். நாலு மாதம்கூட ஆகவில்லை, ஜூன் 16 அன்று லண்டனில் ஒரு தேவாலயத்தில் திருமணம். கல்யாணம் தெரிந்தால் உதவித்தொகையும் கல்லூரி இடமும் போய்விடுமோ என்று பயந்து அதை மறைத்து வைத்தார்கள். இன்றைய மாணவிக்கு மீட்டரில் காசு போடும் வேலை இல்லை. ஆனால் விடுதி ஹீட்டர் எந்த மணிக்கு எரியும், எந்த மணிக்கு அணையும் என்பதை அவள் தீர்மானிப்பதில்லை. அணைந்தபின் போர்வையைச் சுற்றிக்கொண்டு, வெந்நீர் நிரப்பிய ரப்பர் பையை மடியில் வைத்துக்கொண்டு படிக்கிறாள். பை வாங்கிக் கொடுத்தவள் அந்த டீத் தோழி.

நவம்பரின் நாலாவது வியாழன் தேங்க்ஸ்கிவிங். அமெரிக்காவில் தீபாவளிக்கு நாம் ஊருக்கு ஓடுவதுபோல ஓடும் நாள். பிரிட்டனில் அது வெறும் வியாழன், காலை ஒன்பதுக்கு வகுப்பு உண்டு. வான்கோழி கிறிஸ்துமஸ் பறவையாதலால் நவம்பரில் முழுசாகக் கிடைப்பது அரிது. பூசணிக் கூழ் டப்பாவுக்கு மூன்று கடை ஏறி இறங்க வேண்டும். கிடைத்தாலும், ஆறு பேர் சமையலறை அடுப்பின் கதவு பறவையின் மேல் மூடாது. கோழிகள் இரண்டை வாட்டி வான்கோழி என்று பாவித்துக்கொள்கிறார்கள். பிரிட்டிஷ் நண்பர்கள் பூசணியை இனிப்பாகச் சாப்பிடுவதா என்று தயங்கித் தயங்கி இரண்டாம் துண்டு கேட்கிறார்கள்.

அதே பண்டிகையை ஆக்ஸ்போர்டில் வேறு விதமாகக் கழித்தவர் ஒருவர் இருந்தார். ஆலன் லாக், பிலடெல்பியாக்காரர், ஹார்வர்டில் படித்தவர், 1907இல் ரோட்ஸ் உதவித்தொகை பெற்ற முதல் கறுப்பின அமெரிக்கர். தென் மாநிலங்களிலிருந்து வந்த சக ரோட்ஸ் மாணவர்கள் அவர் வருகையை எதிர்த்தார்கள். பல கல்லூரிகள் இடம் மறுத்தபின் ஹெர்ட்ஃபோர்டு கல்லூரி சேர்த்துக்கொண்டது. ஆக்ஸ்போர்டிலிருந்த அமெரிக்கர் சங்கம் தேங்க்ஸ்கிவிங் விருந்து வைத்தது, அவருக்கு அழைப்பில்லை. கடல் தாண்டி வந்தபின்பும் கூடவே வந்திருந்த நாடு அது. லாக் வேறு கூட்டம் சேர்த்துக்கொண்டார்: காஸ்மாபாலிட்டன் கிளப். எகிப்தியரும் தென்னாப்பிரிக்கரும் அதில் இருந்தார்கள். இலங்கையிலிருந்து வந்த லயனல் டி ஃபொன்சேகா அவருடைய நெருங்கிய நண்பரானார். பேரரசின் தலைநகருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேரரசின் மறுகோடிகள் ஒன்றையொன்று அறிந்துகொண்ட இடம் அந்தக் கிளப். பட்டம் பெறாமலே லாக் பெர்லினுக்குப் போனார். 1925இல் அவர் தொகுத்த ‘தி நியூ நீக்ரோ’, கறுப்பினக் கலை இலக்கிய எழுச்சியான ஹார்லெம் மறுமலர்ச்சியின் அடிப்படை நூலாயிற்று. அவருக்கு அடுத்த கறுப்பின ரோட்ஸ் மாணவர்கள் அமெரிக்காவிலிருந்து வந்தது 1960களில். பெண்கள் வந்தது 1977இல்.

பப்பைச் சொல்லாமல் விடமுடியாது. அமெரிக்காவில் 21 வயதாகாமல் மதுவைத் தொடக்கூடாது. பிரிட்டனில் 18 போதும். இருபது வயதுக்காரி ஊரில் குற்றவாளி, இங்கே வாடிக்கையாளர். வேகம் தெரியாமல் இறங்குகிறவர்களை ஒரு கணக்கு காலை வாரிவிடும். அமெரிக்க பைன்ட் 473 மில்லி, பிரிட்டிஷ் பைன்ட் 568. மூன்று குடித்தேன் என்று நினைப்பவர் ஏறக்குறைய மூன்றரை குடித்திருப்பார். மேஜையில் உட்கார்ந்து பரிமாறுபவருக்காகக் காத்திருந்தால் விடியும். எழுந்துபோய் கவுன்டரில் கேட்க வேண்டும். டிப்ஸ் வேண்டாம். ஆனால் நண்பர்கள் முறைவைத்து எல்லோருக்கும் வாங்கும்போது, தன் முறை வரும் சமயம் பார்த்து வீட்டுக்குக் கிளம்புகிறவரை அந்த ஊர் மன்னிக்காது.

கேம்பிரிட்ஜில் ‘ஈகிள்’ என்று ஒரு பப் இருக்கிறது. அதன் பின்னறைக் கூரையைக் கழுத்து வலிக்கப் பார்க்க வேண்டும். இரண்டாம் உலகப்போரில், பிரிட்டிஷ், அமெரிக்க விமானப்படை வீரர்கள் நாற்காலிமேல் ஏறி நின்று, மெழுகுவர்த்தியாலும் லைட்டராலும் சுட்டு, தங்கள் பெயரையும் படைப்பிரிவு எண்ணையும் புகைக்கறையால் எழுதியிருக்கிறார்கள். பெரும்பாலும் இருபதைத் தொட்டும் தொடாத வயதுப் பையன்கள். ஊருக்கு வெளியே மேடிங்லியில் அமெரிக்க ராணுவக் கல்லறை: வளைந்த வரிசைகளில் 3,811 வெள்ளைக் கற்கள், உடல் கிடைக்காத 5,127 பேரின் பெயர் பொறித்த நீண்ட சுவர். பஸ்ஸில் இருபது நிமிடம். பப்புக்கு வருகிற அமெரிக்க மாணவர்களில் சிலர் அங்கேயும் போகிறார்கள். அதே ஈகிளுக்கு 1951இல் 23 வயதில் கேம்பிரிட்ஜ் வந்த அமெரிக்க விஞ்ஞானி ஜேம்ஸ் வாட்சன் நாள்தோறும் மதியச் சாப்பாட்டுக்குப் போவார். 1953 பிப்ரவரி 28 அன்று, டி.என்.ஏ.வின் அமைப்பு பிடிபட்ட மகிழ்ச்சியில், உயிரின் ரகசியத்தைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று அவருடைய கூட்டாளி ஃபிரான்சிஸ் கிரிக் அங்கே எல்லோர் காதிலும் விழச் சொன்னதாக வாட்சன் எழுதினார். கிரிக்குக்கு அப்படிச் சொன்ன நினைவே இல்லை.

இளைஞர் ரயில் அட்டை வாங்கினால் டிக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒஹாயோப் பெண் வாரக் கடைசியெல்லாம் சுற்றுகிறாள். சொந்த ஊரில் ஒரு மாநிலத்தைக் கடக்கும் நேரத்தில் இங்கே ஒரு நாடே முடிந்துவிடுகிறது. ஆக்ஸ்போர்டில் படிக்கும் தன் ஊர்த் தோழியைப் பார்க்கப் போகிறாள். அங்கே பருவத்துக்கு எட்டே வாரம். வாரம் ஒரு கட்டுரை எழுதி, ஒரு பேராசிரியர் முன்னால் ஒற்றையாகவோ இரட்டையாகவோ உட்கார்ந்து ஒரு மணி நேரம் அதைக் காப்பாற்ற வேண்டும். ஐந்தாவது வாரத்தில் ஊரே சோர்ந்துபோவதற்குத் தனிப்பெயரே வைத்திருக்கிறார்கள், ஐந்தாம் வாரச் சோகம் என்று. போட்லியன் நூலகத்தில் சேரும்போது, உள்ளே நெருப்பு கொண்டுவர மாட்டேன், கொளுத்த மாட்டேன் என்று உறுதிமொழி சொல்ல வைத்ததைத் தோழி பெருமையாகச் சொல்கிறாள். அமெரிக்க வகுப்பில் பின்வரிசையில் முகம் காட்டினாலே மார்க் உண்டு. பேராசிரியருக்கு எதிரே ஒரே ஒரு நாற்காலி இருக்கும் அறையில் பின்வரிசை எங்கே?

வடக்கே, ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ். 1413இல் தொடங்கிய பல்கலைக்கழகம். ஊருக்கு ரயில் நிலையம்கூடக் கிடையாது, 1969இலேயே மூடிவிட்டார்கள். லூக்கர்ஸில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். இந்தக் கடலோரச் சிற்றூர் முழுக்க அமெரிக்கக் குரல்கள். பெஞ்சமின் ஃபிராங்ளினை ‘டாக்டர்’ ஆக்கியதே இந்தப் பல்கலைக்கழகம்தான், 1759இல் கௌரவப் பட்டம் கொடுத்து. புதிதாக வருகிறவர்களை மேல் வகுப்பு மாணவர்கள் தத்தெடுக்கிறார்கள். இருபது வயதில் அப்பா, பத்தொன்பதில் அம்மா. முன்பெல்லாம் இந்தப் பெற்றோருக்குப் பிள்ளைகள் நன்றியாக ஒரு பவுண்டு உலர்திராட்சை கொடுத்து லத்தீனில் ரசீது வாங்குவார்கள். இப்போது அந்தச் சடங்குக்குரிய வாரக்கடைசி, நூற்றுக்கணக்கானவர்கள் ஒருவர் மேல் ஒருவர் ஷேவிங் நுரையை வாரியடிப்பதில் முடிகிறது. தேவாலய வாசலில் கற்களில் பதித்த இரண்டு எழுத்துகளை மட்டும் எல்லோரும் சுற்றிக்கொண்டு போகிறார்கள். 1528இல் அங்கே உயிரோடு எரிக்கப்பட்ட மதச் சீர்திருத்தவாதி பாட்ரிக் ஹாமில்டனின் முதலெழுத்துகள். மிதித்தால் தேர்வில் தோல்வி. மிதித்துவிட்டவர்களுக்குப் பரிகாரம் உண்டு: மே முதல் தேதி விடியலில் வடகடலில் முங்கி எழ வேண்டும். கணினி அறிவியல் படிக்கிறவர்களும் தவறாமல் முங்குகிறார்கள்.

மார்க்குக்கு வருவோம். தாமதமாகக் கொடுத்த அந்த முதல் கட்டுரையை, அவள் மன்னிப்புக் கேட்டதும் சேர்த்துக்கொண்டார்கள். கிறிஸ்துமஸுக்கு முன் திரும்பி வந்தது: 64. அமெரிக்காவில் 64 என்றால் ‘டி’, தோல்விக்கு ஒரு படி மேல். அடியில் பேராசிரியரின் ஒரு வரி, ‘குவைட் குட்’. மார்க்கைப் பார்த்து அழுதவள் அந்த வரியைப் பார்த்துக் கொஞ்சம் தேறினாள். இரண்டுமே தப்பு. பிரிட்டனில் 70 வாங்கினால் முதல் வகுப்பு. 60லிருந்து 69 வரை இரண்டாம் வகுப்பின் மேல்பிரிவு, பெரும்பாலான வேலைகளுக்கு அதுவே போதும். அதற்குக் கீழ்ப்பிரிவான ‘டூ-டூ’வுக்கு, தென்னாப்பிரிக்கப் பேராயர் டெஸ்மண்ட் டூட்டூவின் தயவில் மாணவர்கள் வைத்த பெயர் ‘டெஸ்மண்ட்’. எண்பதை எட்டுவது கல்லூரிக் கதையாகப் பேசப்படும். ஆக 64 நல்ல மார்க். ‘குவைட் குட்’ மட்டும் அமெரிக்காவில்தான் பாராட்டு. பிரிட்டிஷ் வாயில் அதற்கு ‘பரவாயில்லை’ என்று பொருள், அதுவும் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு.

ஊரில் அவளுக்கு வாரம் ஒரு வினாடிவினா, இரண்டு இடைத்தேர்வு, வீட்டுப்பாடம், வகுப்பில் பேசியதற்கு மதிப்பெண் என்று சில்லறை சில்லறையாகச் சேர்ந்துகொண்டே வரும். இங்கே வருஷக் கடைசியில் மூன்று மணி நேரம், ஒரு விடைத்தாள். தாளில் பெயர் இல்லை, எண் மட்டும். ஒருவர் திருத்தியதை இன்னொருவர் பார்ப்பார். வேறு பல்கலைக்கழகத்திலிருந்து வெளித்தேர்வாளர் ஒருவர் வந்து மேற்பார்வை செய்வார். ரிஜிஸ்டர் நம்பர், எக்ஸ்டர்னல், ஃபர்ஸ்ட் கிளாஸ், செகண்ட் கிளாஸ்: 1857இல் லண்டன் பல்கலைக்கழகத்தை மாதிரியாக வைத்துத் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் பிள்ளைகளுக்கு இதில் விளக்க ஒன்றுமில்லை. அவளுக்கு ஏப்ரல் முழுக்க வயிற்றைக் கலக்கியது. தேர்வுக்கூடத்தில் அசையாமல் உட்கார்ந்து கையால் மூன்று மணி நேரம் எழுதியதில் விரலில் காய்ப்பு விழுந்தது. உடைந்து கூடிய மணிக்கட்டு வேறு விண்விண்ணென்றது.

வெளியே வந்தபோது ஒன்பதரை மணிவரை வெளிச்சம் இருக்கும் காலம் வந்துவிட்டிருந்தது. புல்வெளியெங்கும் ஆட்கள் படுத்துக் கிடந்தார்கள்.

ஜூலையில் ஒஹாயோவுக்கு ஒரு சான்றிதழ் வந்து சேர்கிறது: நான்கு பாடம், மொத்தத்தில் 68. அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மேஜையில் வைக்கிறார். கல்லூரிப் பதிவாளர் அலுவலகத்தில் இதற்கென்று ஓர் அட்டவணை இருக்கிறது. 70க்கு மேல் ‘ஏ’, 65லிருந்து 69 வரை ‘ஏ மைனஸ்’ என்பது அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றின் கணக்கு. எழுத்தர் விரலை வைத்துப் பார்த்து, 68க்கு நேரே ‘ஏ மைனஸ்’ என்று தட்டச்சு செய்கிறார். அடுத்த கட்டத்தில் சான்றிதழ் வழங்கிய தேதியை ஏற்ற வேண்டும். 06/07 என்று போட்டிருக்கிறது. ஜூன் ஏழா, ஜூலை ஆறா? தாளைத் திருப்பிப் பார்க்கிறார், பின்பக்கம் வெறுமை. ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு, அந்தப் பெண்ணைக் கேட்டுக்கொள்ளலாம் என்று தனியாக எடுத்து வைக்கிறார்.